வறுத்த கடலை நட்ட வெள்ளிக்கிழமை

இரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர்களுக்கு வாரத்தில் நாலு நாள் வேலை, வெள்ளிக்கிழமை ஒரு நாள் சோதனை. அன்றைக்குத்தான் 'வாரச் செயல்பாடு'. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகள் தொட்டும் மோந்தும் பார்த்தும் தாங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கத்துவது மட்டும் எந்த ஏற்பாடும் இல்லாமல் தானாகவே நடக்கும்.

மயிலாப்பூருக்கும் சாந்தோமுக்கும் நடுவில் ஒரு சின்னப் பள்ளியில் இந்தச் சோதனையை வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அத்தை டீச்சர், பெரியம்மா டீச்சர், அக்காவும் டீச்சர். எனக்கு யாரும் எச்சரிக்கை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. என்னைப் போன்ற ஆசிரியைகளும், வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ஸப்பில் தலைப்பைப் பார்த்துவிட்டு சார்ட் பேப்பர் வாங்கத் தெருத்தெருவாக ஓடுகிற பெற்றோரும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நமக்குள் பேசிக்கொள்ள நிறைய இருக்கிறது.

தூங்கிக்கொண்டே கட்டிய வீடு

'என் வீடு' என்பது ஒரு வாரத்தின் தலைப்பு. கிடைத்த பொருளில் ஒரு வீடு செய்து வரச் சொல்லியிருந்தேன். ஒருத்தி தீப்பெட்டியில் கதவு வரைந்து கொண்டுவந்தாள். எனக்கு அது போதும். ஆனால் ஆதவ் தெர்மாகோலில் இரண்டு மாடி வீட்டோடு வந்து நின்றான். பால்கனி இருந்தது, பால்கனியில் கொடி இருந்தது, கொடியில் துணி காய்ந்தது, துணிக்குக் கிளிப்பும் போட்டிருந்தது. கிளிப்பைப் பார்த்ததும் வாடகை எவ்வளவு என்று கேட்கத் தோன்றியது.

"யாருடா செஞ்சது?" என்று கேட்டுத் தொலைத்தேன். ஏழு வயதில் பொய் சொல்ல வரும்; அதைக் கடைசிவரை கொண்டுபோகத்தான் வராது.

"நான்தான் மிஸ் செஞ்சேன். நான் தூங்குனதுக்கு அப்புறம் எங்கப்பா ஹெல்ப் பண்ணாரு."

ஏசிக்கு வந்தவர்

'கடை' வாரத்தில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி ஆளுக்கு ஒரு கடை போட்டார்கள். ஜெனியின் அம்மாவுக்கு தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை. அதனால் ஜெனி கடை என்றால் துணிக்கடைதான். வகுப்பிலிருந்த கைக்குட்டைகள், ஒரு ஸ்வெட்டர், கடைசியில் என் துப்பட்டா வரைக்கும் வாங்கி மடித்து அடுக்கிவிட்டாள். ஆதவ் வாடிக்கையாளராக வந்தான். அதைக் காட்டு, இதைப் பிரி, வேற கலர் இருக்கா என்று அத்தனையையும் கலைத்துவிட்டு, "அப்புறம் வர்றேன்" என்று கிளம்பினான்.

ஜெனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இவன் வாங்க வரல மிஸ், ஏசிக்கு வந்திருக்கான்."

சாக்பீஸ் பொட்டலம்

அதே நாள், சன்னலோரத்தில் ருக்சானாவும் ஒரு கடை போட்டிருந்தாள். அரைப்பரீட்சை முடிந்த பிறகு வடபழனியிலிருந்து வீடு மாறி எங்கள் பள்ளிக்கு வந்தவள். நடுவில் வந்து சேருகிற பிள்ளைகளின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி இருக்கும், பக்கத்து இடம் இருக்கும், சாப்பாட்டைப் பங்கு போட ஆள் இருக்கும். இவள் மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டதற்கு 'ஆமா மிஸ்', 'இல்ல மிஸ்', அவ்வளவுதான். வீட்டுக்குப் போன பிறகும் அந்த முகம் என் மனசை உறுத்தும்.

அவள் கடைக்கும் யாரும் வரவில்லை. நான் போனேன். பழைய பேப்பரைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டி, அடியை ஒரு மடி மடித்து, உடைந்த சாக்பீஸ் துண்டுகளை அள்ளிப் போட்டு, கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்தோம் கடற்கரைப் பக்கம் கடலை வண்டி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் முதல்முறையாகக் கேட்காமலே பேசினாள்.

"உங்களுக்குக் கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன் மிஸ்."

இருக்கறதுலயே நல்ல கடலை

அடுத்தது 'விதை' வாரம். ஆளுக்கு ஒரு விதை, ஆளுக்கு ஒரு பேப்பர் கப், கப்பின் மேல் அவரவர் பெயர். பச்சைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை என்று வந்து குவிந்தது. ருக்சானா உள்ளங்கையில் ஒரே ஒரு நிலக்கடலையை மூடிக்கொண்டு வந்தாள். எனக்கென்று தனியாக ஒரு பொட்டலமும் கொடுத்தனுப்பியிருந்தார் அவள் அத்தா. கடலையை விரலால் மண்ணுக்குள் அமுக்கி, தண்ணீர் தெளித்து, சன்னலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

இடைவேளையில் நான் பொட்டலத்தைப் பிரித்தேன். மணலில் பதமாக வறுத்த கடலை, உப்பும் சூடும் போகவில்லை. நாலு வாயில் போட்ட பிறகுதான் உறைத்தது. இதே கடலைதான் கப்பிலும் இருக்கிறது! இது எந்த ஜென்மத்தில் முளைக்கும்? சொல்லிவிடலாம் என்று எழுந்து போனால், சன்னலைச் சுற்றி ஒரே கூட்டம். ஜெனி அவள் தோளில் கை போட்டிருந்தாள். ஆதவ் கப்பைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றான். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ருக்சானா பேசிக்கொண்டிருந்தாள், மூச்சு விடாமல். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

"இருக்கறதுலயே நல்ல கடலையா எங்க அத்தா பொறுக்கிக் குடுத்தாரு. செடி வந்ததும் எல்லாருக்கும் ப்ரீ!"

கஸ்தூரி அக்காவின் யோசனை

ஒரு வாரத்தில் சன்னல் முழுக்கப் பச்சை. பயறு தலைதூக்கியது, மொச்சை இலை விட்டது. ருக்சானாவின் கப்பில் மண் மட்டும் ஈரமாக இருந்தது. தினமும் காலையில் பையைக்கூட இறக்காமல் நேரே அங்கேதான் போவாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து செடிகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. 'எங்க அத்தா வண்டியை விட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்காரு' என்று வகுப்பு முழுக்க அறிவித்தாகிவிட்டது. அவர் வந்து வெறும் மண்ணைப் பார்ப்பார். இப்போதுதான் கிடைத்த சிநேகிதங்கள் சிரிக்கும். குழந்தை மறுபடியும் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கும். இந்தப் படம் என் கண்முன் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் பள்ளி ஆயா கஸ்தூரி அக்காவிடம் புலம்பினேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"இதுக்கா மிஸ் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? ஒரு பச்சைக் கடலைய ஊற வச்சி உள்ள சொருவி வுடுங்க, மண்ணா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

மூன்று தட்டு

சொருகியிருப்பேன். கடலைகூட வாங்கி ஊற வைத்துவிட்டேன். ஆனால் கப்பை எடுத்ததும், அதில் கோணல்மாணலாக எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் கை வரவில்லை. குழந்தையை ஏமாற்றி அவளுக்கு அறிவியல் சொல்லித்தர வேண்டுமா? நேராகச் சொல்லவும் தைரியம் இல்லை. அதனால் அந்த வெள்ளிக்கிழமைச் செயல்பாட்டை மாற்றினேன். மூன்று தட்டு, மூன்றிலும் ஈரப் பஞ்சு. ஒன்றில் பச்சைப் பயறு, ஒன்றில் அவித்த பயறு, ஒன்றில் வறுத்த பயறு. எது முளைக்கிறது, பார்ப்போம்.

செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்தோம். முதல் தட்டில் வெள்ளை வெள்ளையாக வால். அவித்தது நாறியது. வறுத்தது போட்டபடி கிடந்தது. 'சூடு பட்டா உள்ள இருக்கிற உயிர் போயிடும்' என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ருக்சானா வறுத்த தட்டைப் பார்த்தாள், பிறகு சன்னலைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக நின்றேன். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவளைக் கூப்பிட்டு, புதிதாக ஊற வைத்த பச்சைக் கடலை ஒன்றைக் கையில் வைத்து, "இதை நடலாமா? வெள்ளிக்கிழமைக்குள்ள கொஞ்சமாவது வந்துடும்" என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பத்திரமாக என் கையிலேயே வைத்துவிட்டாள்.

"வேணாம் மிஸ். கப்புல இருக்கறது எங்க அத்தா குடுத்தது."

அத்தா வந்தார்

வெள்ளிக்கிழமை வந்தது. பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையையும் செடியையும் சேர்த்து நிற்க வைத்துப் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். ருக்சானாவின் அத்தா தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலிலேயே நின்றார். கஸ்தூரி அக்கா அதட்டிய பிறகுதான் உள்ளே வந்தார். மகள் கையைப் பிடித்துச் சன்னலுக்கு இழுத்துப் போனாள். நான் வேறு யாருக்கோ பதில் சொல்வதுபோல நின்றுகொண்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் செடியைத் தேடினார். பெயரைப் பார்த்தார். வெறும் மண்ணைப் பார்த்தார். "எந்தக் கடலைம்மா போட்ட?" என்று மெதுவாகக் கேட்டார். "நீங்க குடுத்ததுதான் அத்தா." அவ்வளவுதான், மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "ஸ்கூலுக்கு நல்ல கடலையா ஒண்ணு குடுங்கன்னு கேட்டா மிஸ். நடறதுக்குன்னு எனக்குத் தெரியாது. நல்லா வறுபட்டதா பாத்துப் பொறுக்கிக் குடுத்தேன். எல்லார் முன்னாடியும் எம்புள்ளைய நானே..." சுற்றி இருந்தவர்கள் சட்டென்று தங்கள் செடிகளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். இத்தனை நாளும் நான் குழந்தையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு அடி அப்பனுக்கு விழும் என்று நினைக்கவே இல்லை.

ருக்சானா கப்பை இரண்டு கையாலும் தூக்கினாள். வகுப்பு முழுவதற்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எல்லாரோடதும் முளைச்சிடுச்சு, நீங்க வறுத்தது மட்டும்தான் முளைக்கல. அவ்ளோ நல்லா வறுத்திருக்கீங்க அத்தா!"

ஆக, வகுப்பு முழுக்கச் செடி வளர்த்துவிட்டு, முளைக்காத ஒன்றைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் எங்களுக்குச் சம்பளம்.