குரலுக்குத் துடக்கில்லை

சாவுத் தீட்டான துடக்கு முப்பத்தொரு நாள் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் பிணக்கு. அப்பாவின் தகப்பனார் யாழ்ப்பாணத்தில் அதிகாலை மூன்று மணிக்குக் காலமானார். அந்த நேரம் பாரிசில் முதல்நாள் இரவு இன்னும் முடிந்திருக்கவில்லை. ஊர்த் தேதியில் எண்ண வேண்டும் என்றார் அப்பா. நாங்கள் இருக்கும் இடத்துத் தேதிதான் சரி என்றாள் அம்மா. எனக்கு அப்போது ஒன்பது வயது. கடையில் கொடுத்த கலண்டரில் நாளுக்கொரு கோடு போடும் வேலை என்னுடையது. யாரையும் பகைக்காமல், அப்பாவின் கணக்குக்கு நீலக் கோடும் அம்மாவின் கணக்குக்குச் சிவப்புக் கோடும் போட்டு வந்தேன்.

துடக்கு நாட்களில் கோயிலுக்குப் போகக் கூடாது, நல்ல காரியம் நடக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது. அப்பா தாடி வளர்த்திருந்தார். அகதி வழக்கு முடியாததால் ஊருக்குப் போகவோ தகப்பனுக்குக் கொள்ளி வைக்கவோ அவரால் முடியவில்லை. கொள்ளி வைத்தவர் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர். ஆனாலும் அப்பா ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனார். உணவகத்து முதலாளிக்குத் துடக்கு என்றால் என்னவென்று தெரியாது. அதைச் சொல்லும் அளவு பிரெஞ்சு அப்பாவுக்கும் தெரியாது.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை நீலக் கோட்டில் பதினாறாம் நாளாகவும் சிவப்புக் கோட்டில் பதினேழாம் நாளாகவும் வந்தது. அன்று பாரிசை ஒட்டிய ஒபர்வில்லியேயில் மொத்த வியாபாரி ஒருவரின் மகளுக்குக் கலியாணம். அந்தக் கலியாணத்தில் அக்கா பாடுவதாக ஏற்கெனவே பேச்சாகியிருந்தது.

மாமாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. பாரிசில் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒலிநாடாக் கடை வைத்திருந்தார். அறுபதுகளின் கடைசியில் கொழும்பில் புறப்பட்ட தமிழ்ப் பாப் இசையான பொப்பிசையில் அவருக்குத் தீராத மோகம். அதன் தொடக்க ஆண்டு எது என்பதில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள், நானும் தேடிக் களைத்துவிட்டேன். மாமாவுக்கு ஆண்டு முக்கியமில்லை, தோற்றம்தான் முக்கியம். ஒரே நிறத்தில் சட்டை போட்டு, கொண்டையை உயர்த்தி, கண்ணுக்கு மை நீட்டி, மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து வெளிநாட்டு இசைத்தட்டு உறைகளில் அப்படித்தான் இருந்தது. நடுவில் என் அக்கா, அவளுக்கு வயது பதினேழு. இரண்டு பக்கமும் மேல்மாடியில் இருந்த சகோதரிகள், வன்னியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆனவர்கள். குழுவுக்கு மாமா வைத்த பெயர் முத்துச் சகோதரிகள். இரண்டு பேர்தானே சகோதரிகள் என்று அம்மா கேட்டதற்கு, அறுபதுகளில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள் என்று பதில் சொன்னார்.

முதலில் பிறந்தநாள் வீடுகளில் பாடினார்கள். பிறகு ஒரு கலைவிழாவில் பாடினார்கள், பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. சட்டை முழங்காலுக்கு மேலே போகிறது என்று ஒரு பெரியவர் எழுந்து போனார். மறுவாரம் சட்டைக்குக் கீழே நீளக் காலுறை வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகுதான் ஒபர்வில்லியேக் கலியாணம் வந்தது. மாமா கொடுத்த நாடாவைக் கேட்டுப் பெண்ணின் தகப்பன் சம்மதித்தார். லண்டனில் இசைத்தட்டு வெளியிடும் ஒருவர் அந்தக் கலியாணத்துக்கு வருகிறார் என்பதும் தெரிந்தது. அவருக்குப் பிடித்தால் இசைத்தட்டு, லண்டன் மேடை. பிடிக்காவிட்டால் பழையபடி பிறந்தநாள் கேக்குக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே அக்கா குளிர்ந்த தண்ணீரை நிறுத்திவிட்டாள். அப்போதுதான் ஊரிலிருந்து அந்தத் தொலைபேசி வந்தது.

துடக்குக்காரி கலியாண மண்டபத்துக்குள் போனாள் என்று தெரிந்தால் பெண் வீட்டார் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். பிறகு அந்தத் தம்பதிக்கு எந்தக் குறை வந்தாலும் அது எங்கள் தலையில்தான் விழும். அதனால் அக்கா அழுதுவிட்டுச் சட்டையை மடித்து வைத்தாள். மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு மாமா வந்தார்.

"துடக்கு ஆளுக்குத்தான். குரலுக்குத் துடக்கெண்டு ஆர் சொன்னது? ரேடியோவிலை பாடுறவைக்குத் துடக்கோ இல்லையோ எண்டு பாத்தே நாங்கள் கேக்கிறம்?"

அக்கா கேட்டாள். "அப்ப என்ரை சட்டையை ஆர் போடுறது?"

மாமாவின் மகள் போடுவாள். அம்மாவின் பக்கம் என்பதால் அவர்களுக்குத் துடக்கில்லை. அவள் எனக்கு மச்சாள். பதினாறு வயது, அக்காவின் அளவு. எல்லா ஒத்திகையிலும் மூலையில் இருந்து பார்த்ததால் ஆட்டம் முழுவதும் தெரியும். பாட்டு மட்டும் வராது. ஏழு சுரத்தில் நாலுதான் அவளுக்கு அகப்படும் என்று மாமாவே சொல்லுவார். பாரிசில் பிறந்தவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். பாட்டுக்கு வாயசைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. உயர்ந்த கொண்டைக்கும் நீண்ட மைக்கும் கீழே முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது மாமாவின் துணிவு. அப்பாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. நானும் சத்தியம் செய்துகொடுத்தேன்.

மண்டபம் ஒரு பழைய களஞ்சியம். மேடைக்குப் பக்கத்தில் கதிரை என்று நாங்கள் சொல்லும் நாற்காலிகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்கு முற்றத்துப் பக்கம் தனி வாசல். முற்றத்தால் நுழைந்தால் மண்டபத்துக்குள் போனதாகாது என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அம்மா வீட்டிலேயே நின்றுவிட்டாள். அக்காவும் நானும் மாமாவின் வான் வண்டியில் போய் அந்த அறைக்குள் இருந்தோம். மண்டபப் பக்கத்துக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டோம். கதவுக்குக் கீழால் ஒலிவாங்கியின் வயர் போனது. அக்காவின் கையில் இருந்ததுதான் உண்மையான ஒலிவாங்கி, மச்சாளின் கையில் இருந்தது உயிரில்லாதது. சுவரில் உயரத்தில் சின்ன யன்னல் ஒன்று. அடுக்கிய கதிரைகளுக்கு மேலே ஏறி நான் அதனூடாக மேடையைப் பார்க்க வேண்டும். மச்சாள் கையைத் தூக்கினால், கீழே நிற்கும் அக்காவின் தோளில் காலால் ஒரு தட்டு. கலியாணச் சாப்பாடும் எங்களுக்கு ஆகாது என்று மாமா சொல்லியிருந்தார். அன்று எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது அது ஒன்றுதான். சோற்று வாசனைக்குத் தாழ்ப்பாள் இல்லை.

மேடைக்குப் போகும் முன் மச்சாள் முற்றத்தால் வந்து, சட்டையின் பின்பக்கம் ஊசி குத்தச் சொல்லி நின்றாள். செத்துப் போய்விடுவேன் போலிருக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள்.

"வாயை மட்டும் திற," என்றாள் அக்கா. "தப்பித் தவறிச் சத்தம் வந்துதெண்டால் தாலிக்கு முன்னமே கலியாணம் குழம்பும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அக்கா அவளுடைய கொண்டையைத் தன் கையாலேயே சரிசெய்து அனுப்பினாள்.

முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் யாரோ எங்கள் கதவைத் தள்ளினார்கள். கதிரை போதவில்லை. ஒரு பெண்குரல், இது ஏன் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு யாரிடம் என்று விசாரித்தது. அக்காவால் பாட்டை நிறுத்த முடியாது. நிறுத்தினால் மேடையில் வாய் திறந்தபடி நிற்கும் பெண்ணின் குரல் அறுந்துவிடும். அவள் வயரை இழுத்துக்கொண்டு அறையின் கடைசி மூலைக்குப் போய், சுவரைப் பார்த்தபடி பாடினாள். கதவு மூன்று தரம் ஆடியது. நான் கதிரையில் இருந்து இறங்கிக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அந்தப் பெண்குரல் திறப்பைத் தேடிக்கொண்டு தூரப் போனது. அக்காவின் கழுத்தெல்லாம் வியர்வை. ஆனால் அந்தப் பாட்டில் ஒரு சுரம் பிசகவில்லை. இதை நான் அன்பினால் சொல்லவில்லை. வீடியோவில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்கவில்லை. அக்கா யன்னலுக்குக் கீழே திரும்பி வந்தாள், நான் மறுபடி யன்னலுக்கு ஏறினேன். பெண்ணின் தகப்பன் மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் கோட்டுப் போட்ட ஒரு புதியவர், லண்டன்காரர். மாமா மண்டபத்தின் மறுகோடியில் ஒலிப்பெட்டிக்கு முன்னால் இருந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வர அவருக்கு வழியில்லை. இது ஒத்திகையில் இல்லாத கட்டம்.

பெண்ணின் தகப்பன் தன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மச்சாளின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சகோதரியள் எண்டு போட்டிருக்கு. மூண்டு பேரும் ஒரு வயித்துப் பிள்ளையளோ? நீர் ஆற்றை மகள், பிள்ளை?"

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் குடியேறினாலும் ஒரு பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான், யாருடைய பிள்ளை என்பது. மச்சாளுக்கும் அது விளங்கியது. ஆனால் அவள் வாயைத் திறந்தால் அவளுடைய குரலும் அவளுடைய தமிழும் வெளியே வந்துவிடும். சபைக்குக் கேட்காவிட்டாலும் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்குக் கேட்டுவிடும். அவள் உயிரில்லாத ஒலிவாங்கியை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, யன்னலைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். மேல்மாடிச் சகோதரிகள் தங்கள் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தார்கள்.

பதில் அக்காவிடம்தான் இருந்தது. தன் தகப்பனின் பெயரைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டுச் சாவு தெரியும், ஆறுதல் சொல்ல வந்து போனவர்கள். சொல்லாமல் விட்டால் பாடிய பிள்ளை ஊமையா என்று கேட்பார்கள். நான் அக்காவின் தோளில் தட்டினேன். அவள் அசையவில்லை. இன்னொரு தட்டுத் தட்டினேன். பள்ளிக்கூடப் பழக்கத்தில் எனக்குள் பிரெஞ்சில் எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை வந்தது.

பிறகு அக்கா மாமாவின் முழுப் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். "அவற்றை மகள்."

மச்சாளின் உதடு கொஞ்சம் பிந்தி அசைந்தது. பெண்ணின் தகப்பன் அதற்குள் சபையின் பக்கம் திரும்பி, எங்கடை நாடாக்கடைக்காரனின் மகளாம் என்று அறிவித்துவிட்டார். மண்டபம் அதிர்ந்தது. லண்டன்காரர் மச்சாளின் கையில் தன் முகவரி அட்டையைக் கொடுத்ததை யன்னலால் பார்த்தேன். கீழே அக்கா கதிரை அடுக்கில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். நாங்கள் வென்றுவிட்டோம் என்று அவளுக்குச் சொன்னேன்.

துடக்குக் கழிந்ததும் சட்டை தன்னிடம் திரும்பி வரும் என்று அக்கா நம்பினாள். ஆனால் இசைத்தட்டு போட வந்தவர் பார்த்த முகம் வேறு. வீடியோவில் பதிந்த முகமும் அதுதான். நடுவில் அக்கா போய் நின்றால், அன்று பாடியது யார் என்ற கேள்வி எழும். அது கதிரை அறைவரை போகும், அங்கிருந்து கலியாணத்தையும் போய்த் தொடும். ஆகவே குரல் உள்ளேயும் முகம் வெளியேயும் என்று இரண்டு வருடம் ஓடியது. அட்டைப்படத்தில் மூன்று பேர், அக்கா இல்லை. லண்டனுக்கு அவள் ஒருமுறை போனாள், மேடைத் திரைக்குப் பின்னால் இருந்து பாடினாள். மச்சாள் அதை விரும்பியவள் இல்லை. திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தாள் என்று பின்னாளில் அறிந்தேன். அக்கா பல்கலைக்கழகம் போனதோடு குழுவும் முடிந்தது. யாரும் அவளிடம் ஏன் என்று கேட்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு வருடமும் அவள் பாடியதாகவே யாருக்கும் தெரியாது.

ஒரு நாளைப் பின்னுக்கு விட்டுவிட்டேன். அது சிவப்புக் கோட்டில் இருபத்தொன்பதாம் நாள். கலியாண வீடியோவின் பிரதி வந்திருந்தது. அம்மா அதை அரிசிச் சாக்குக்குப் பின்னால் வைத்திருந்தாள். அம்மாவும் அக்காவும் உடுப்புத் துவைக்க வெளியே போன பின்னேரம், மச்சாளின் ஆட்டத்தைப் பார்க்கும் ஆசையில் நான் அதை எடுத்துப் போட்டேன். அப்பா வேலையால் வந்து உள்ளறையில் நித்திரை என்றுதான் எண்ணியிருந்தேன். மூன்றாவது பாட்டில் அவர் எனக்குப் பின்னால் நின்றார். நான் நிறுத்தப் போனபோது, விடு என்று கையைக் காட்டினார்.

பெண்ணின் தகப்பன் கேள்வி கேட்டார். பதில் வந்தது. கைதட்டினார்கள்.

"இது ஆற்றை குரல், குஞ்சு?" என்று அப்பா கேட்டார்.

சத்தியம் நினைவுக்கு வந்தது. "மச்சாளின்ரை," என்றேன். இவ்வளவு எளிதாக அக்காவைக் காப்பாற்ற முடிந்ததே என்று எனக்குள் ஒரு பெருமை.

"நல்ல குரல்," என்றார். தாடியைத் தடவிக்கொண்டார். "ஆற்றை மகள் எண்டு கேக்கேக்கை பிள்ளை ஏன் அவ்வளவு நேரம் எடுத்தவ?"

"மறந்திட்டா போலை," என்றேன்.

அப்பா ரிமோட்டை வாங்கிப் பின்னுக்கு ஓட்டினார். கேள்வி வந்தது. பிறகு சபை பேசாமல் இருக்கும் அந்த இடைவெளி. பதில் வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிட்டார். திரும்பவும் பின்னுக்கு ஓட்டினார், கேள்வி, இடைவெளி, நிறுத்தல். நாலாவது தரமும் அப்படியே. அவருக்கு அந்தச் சாதனத்தைப் பாவிக்கத் தெரியவில்லை என்று எனக்குப் பாவமாக இருந்தது. நான் ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி, சத்தத்தைக் கூட்டி, மாமாவின் பெயர் முழுவதும் கேட்கும்படி ஓடவிட்டேன்.