நான் திருப்பிக் கொடுத்த மூலை

1. வெள்ளிக்கிழமை, மூன்று மணி

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் பழைய கார் திருத்தும் கராஜ் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை செய்தேன். நான் விட்ட பிழைகளை எல்லாம் எழுதினால் இந்தத் தொழிலுக்கு இளையவர்கள் யாரும் வரமாட்டார்கள். ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

கார் சிவப்பு. அறுபதுகளில் ஓர் இத்தாலியக் கொம்பனி பந்தயத்துக்கென்றே செய்தது. இரட்டை கேம் எஞ்சின், இரண்டு கார்பரேட்டர். சொந்தக்காரி கிர்ஸ்டன், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, எழுபத்து நாலு வயது. நகர வீதியில் நடக்கும் பழைய கார்ப் பந்தயத்தில் அவரே ஓட்டப் பெயர் கொடுத்திருந்தார். கண்பார்வை குறைந்து வந்தது. அடுத்த வருடம் வைத்தியர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே இதுதான் அவருக்குக் கடைசி ஓட்டம். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பந்தயப் பரிசோதகர் கராஜுக்கு வந்து, காரைப் பழைய படங்களோடு ஒப்பிடுவார். ஒத்துப்போகாவிட்டால் ஓட்டமில்லை.

அதற்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கிர்ஸ்டன் பார்க்க வந்தார். காரைச் சுற்றி நடந்து, முன் மட்காட்டில் கை வைத்தார்.

"இந்தச் சதுரத்தை ஆர் கீறினது?"

"நான்தான்" என்றேன், பாராட்டை வாங்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"ஏன்?"

டேனிஷ்காரர் சத்தம் போடாமல் ஏன் என்று கேட்டால், விஷயம் பெரிதென்று அர்த்தம்.

2. மூளி

அந்த மட்காட்டில் வெள்ளை முக்கோணம் ஒன்றும், அதற்குள் பச்சையாக நாலு இலையுள்ள குளோவர்ப் பூண்டு ஒன்றும் கையால் வரையப்பட்டிருந்தன. முக்கோணத்தின் அடிக்கோட்டுக்குக் கீழே தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. துருவை வெட்டி, புதுத் தகடு வெல்டிங் பண்ணி, இரண்டு பக்கமும் சிவப்பு அடித்தோம். முக்கோணத்தைப் பார்த்தால் ஒரு சதுரத்தைக் குறுக்காக வெட்டிப் பாதியை எறிந்த மாதிரி இருந்தது. யாரோ முன்பு அரைகுறையாகத் திருத்தியபோது கீழ் மூலை போய்விட்டது என்று முடிவெடுத்தேன்.

பெயின்ட் வேலை பார்த்த ரவி, ஸ்கீவ என்ற ஊரில் இருந்து வந்த தமிழ்ப் பொடியன். "அண்ணை, கிர்ஸ்டனிட்ட ஒருக்கா கேட்டுச் செய்வமோ?" என்றான்.

"கேக்க என்ன கிடக்கு? உது சாமிப் படம் மாதிரியடா, மூளியா நிக்கக் கூடாது. பந்தயத்துக்குப் போற வாகனம்."

"மற்றப் பக்கமும் இப்பிடித்தானே கிடக்கு."

"அப்ப ரெண்டு பக்கமும் உடைஞ்சு போச்சு."

இரண்டு பக்கமும் ஒரே அளவில், ஒரே கோட்டில் உடைந்திருக்கிறதே என்ற சந்தேகம் இந்த மூளைக்கு வரவில்லை. புதன்கிழமை வெள்ளை எனாமல் எடுத்து இரண்டு முக்கோணத்தையும் சதுரமாக்கினேன். வலப்பக்கம் கெதியாகக் காயட்டும் என்று ஹீட் லாம்பும் பிடித்தேன்.

3. நூறு வருடத்துக் கதை

கிர்ஸ்டன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து சொன்னார். நூறு வருடத்துக்கு முன், அந்தக் கொம்பனியின் ஓட்டுநர் ஒருவர் எப்போதும் இரண்டாவதாகவே வருவாராம். ராசிக்காக ஒரு வெள்ளைச் சதுரத்தில் நாலிலைப் பூண்டு வரைந்து ஓடினார், வென்றார். அதே வருடம் புதிய கார் ஒன்றைச் சோதித்து ஓட்டும்போது இறந்துபோனார். அந்தக் காரில் பூண்டு இன்னும் வரையப்படவில்லை. அதன்பிறகு கொம்பனி சதுரத்தில் ஒரு மூலையை எடுத்துவிட்டது. அந்த வெற்றிடம் அவருடையது.

"நீ அதை நிரப்பியிருக்கிறாய்" என்றார்.

மூளி என்று நான் நினைத்தது ஒரு மனிதனுக்காக விட்ட இடம். இருபத்தாறு வருடம் இத்தாலிய எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினேன். அதை ஓட்டியவர்கள் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

முதலாளியின் பெயர் பென்ட். அவர் பெயின்டைக் கரைக்கும் தின்னர் டின்னோடு வந்தார். ரவி மறித்தான்: "தின்னர் போட்டா மேல கிடக்கிற பழைய முக்கோணமும் சேர்ந்து வந்திடும். பிறகு படமும் இல்லை, ஓட்டமும் இல்லை."

"என்ர பிழை. நானே எடுக்கிறன்" என்றேன்.

டர்பன்டைனும் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியும்தான் ஆயுதம். முக்கோணத்தின் அடிக்கோட்டில் டேப் ஒட்டி, அதன் கீழே அரிசியளவு அரிசியளவாகத் துடைத்தேன். புதுச் சிவப்பு நன்றாக இறுகியிருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இடப்பக்கம் அன்று பின்னேரமே சுத்தமாக வந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வலப்பக்கம் தொடங்கினேன். ஹீட் லாம்பில் காய்ந்த எனாமல் லேசில் அசையவில்லை. வீட்டுக் குளியலறையில் இருந்து கொண்டுவந்த குச்சிப் பெட்டியும் முடிந்து, ரவி கடைக்கு ஓடினான்.

"அண்ணை, உங்கட காதை இனி ஆர் துடைக்கிறது?"

"கேக்காத காதுக்கு என்னத்துக்கடா குச்சி?"

பதினொன்றரைக்கு வெள்ளை போய்விட்டது. ஆனால் சிவப்பில் மெல்லிய நிழல் ஒன்று மிச்சமிருந்தது. சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரியும்.

பரிசோதகர் சரியாக அங்கேதான் குந்தினார். "இது என்ன?"

வெளிச்சம் விழுந்து அப்படித் தெரிகிறது என்று சொல்ல பென்ட் வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். கிர்ஸ்டன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பரிசோதகர் படத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"இப்ப முக்கோணம்தானே?"

"ஓம்."

கையெழுத்துப் போட்டார்.

4. பிறகு

பந்தயத்தில் கிர்ஸ்டன் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தார். பின்னால் வந்தவருக்கு எண்பது வயது என்பதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றார். நிழலைப் பொலிஷ் பண்ணி எடுக்கிறேன் என்றான் ரவி. "விடு, இனி அதுவும் இந்தக் காரின்ர சரித்திரம்" என்று கிர்ஸ்டன் சொல்லிவிட்டார்.

படித்தது இதுதான்: ஒரு பொருளில் ஏதாவது குறைந்திருந்தால், அது உடைந்ததா, யாராவது வேண்டுமென்று எடுத்ததா என்று முதலில் விசாரியுங்கள். தூரிகையைப் பிறகு எடுக்கலாம்.

என் சொந்தக் காரின் பம்பரில் ஒரு மூலை இல்லை. போன மாரியில் வீட்டுச் சுவரில் இடித்தது. திருத்தச் சொல்லி மனைவி தினமும் கேட்கிறார். விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.