ஆட்டுக்கால் சாமியின் மீதிக் கதை

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'மீதி அண்ணன்' என்று பெயர். நோயாளியை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆபரேஷன் தியேட்டர் வரை தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. வழியில் ஒரு கதையைத் தொடங்குவார். தியேட்டர் கதவு வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவார். "மீதி, நீங்க வெளிய வந்ததும்." நடுங்கிக்கொண்டு வந்த ஆள்கூட, "யோவ், அப்புறம் என்னய்யா ஆச்சு?" என்று கத்திக்கொண்டே உள்ளே போவார்.

இதைத் தொடங்கி வைத்தவர் நோயாளியாக வந்த ஒரு டீச்சர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டாக்டர்கள் சொல்வதைப் போலவே இவரும், "பேனிக் ஆகாதீங்கம்மா" என்றார். டீச்சர் படுத்தபடியே சிரித்தார்.

"பேனிக்குங்கிறதே ஒரு சாமி பேர்லேருந்து வந்ததுப்பா. பழைய கிரேக்கத்துச் சாமி. பேன்னு பேரு."

"பேனா? தலையில ஊறுமே, அதுவா?"

"கொழுப்பைப் பாரு! ஆட்டுக்கால், ஆட்டுக்கொம்பு. காட்டுல தனியா போறவங்களை அது..."

கதவு மூடிக்கொண்டது. அன்றெல்லாம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீச்சர் கண் விழித்த பிறகுதான் மீதி கிடைத்தது. மறைந்திருந்து அந்தச் சாமி ஒரு சத்தம் போடுமாம். காரணமே தெரியாமல் ஜனங்கள் தலைதெறிக்க ஓடுவார்களாம். அந்தப் பயம்தான் பேனிக்.

அதிலிருந்து வார்த்தைகளின் கதை கேட்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. லிஃப்டில் மாட்டிய டாக்டர்களையெல்லாம் கேள்வியால் குடைந்தார். ஹைஜீன், மருத்துவச் சாமியின் மகள் பெயரிலிருந்து வந்தது. வலி மருந்து மார்ஃபினுக்குக் கனவுச் சாமி பெயர். எரிமலையைச் சொல்லும் வால்கனோ, ரோமாபுரியின் கொல்லன் சாமி பெயர். சேர்த்ததையெல்லாம் வீட்டில் தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம்தான் முதலில் கொட்டுவார்.

"பாதி தைச்ச சட்டை மாதிரி கதை சொல்றீங்களே, அதை யாருங்க போடுவா?" என்று அவள் கேலி செய்வாள். ஆனால் உலகத்திலேயே இரண்டு பாதியையும் ஒரே மூச்சில் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்குத்தான் வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். பெரிய ஆபரேஷன். எதற்கும் மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

அவர் யாருக்கும் ஸ்ட்ரெச்சரை விட்டுக்கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரியாத ஒரே ஒரு கதை கைவசம் இருந்தது.

"ஜனவரி இருக்கில்ல? ரோமாபுரியில வாசலுக்குன்னே ஒரு சாமி, ஜேனஸ். அதோட பேருதான். முன்னால ஒரு முகம், பின்னால ஒரு முகம். ஒண்ணு போறவங்களைப் பார்க்கும், இன்னொண்ணு வர்றவங்களைப் பார்க்கும். போன வருஷம், வர்ற வருஷம் ரெண்டும் அதுக்குத் தெரியும். அதான் முதல் மாசத்துக்கு அந்தப் பேரு."

கதவு வந்தது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"என்னங்க, முழுசையும் சொல்லிட்டீங்க?" என்றாள் அவள்.

ஐயோ! பயத்தில் நாக்கு தன்பாட்டுக்கு ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் பாதியை வைத்திருந்தவர், உயிரானவளுக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே! அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சரி, குனிங்க. நான் ஒண்ணு சொல்றேன். சிரிஞ்ச்."

"சிரிஞ்சா? தினம் பார்க்கிறேன், அதுக்கென்ன கதை?"

"நேத்து ஊசி போட்ட நர்ஸ் சொன்னா. உங்க ஆட்டுக்கால் சாமி ஒரு தேவதையைத் துரத்திச்சாம். சிரிங்ஸ்னு பேரு. ஓடி ஓடி ஆத்தங்கரைக்கு வந்துட்டா. முன்னால தண்ணி, பின்னால அவன்..."

ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"அப்புறம்?" என்று அலறினார்.

"மீதி, வெளிய வந்து!"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். அதே நர்ஸ் டிரேயோடு அந்தப் பக்கம் வந்தாள். ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் மனைவியின் பங்கை இன்னொருத்தி வாயால் கேட்டுவிட்டால், அவள் எதற்காகத் திரும்பி வருவாள்? அசட்டு எண்ணம்தான். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏதாவது வேணுமா அண்ணே?"

"ஒண்ணும் வேணாம் சிஸ்டர். புண்ணியமாப் போகும், இங்கேருந்து போயிடுங்க!"

வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகு கதவு திறந்தது. அவள் கண் பாதி திறந்திருந்தது. குனிந்தவர் கண்ணிலிருந்து நீர் போர்வையில் விழுந்தது.

"கேக்க... மாட்டீங்களா?" என்றாள்.

"சொல்லும்மா."

"நாணலா மாறிட்டா. அவன் அதை வெட்டிக் குழல் பண்ணிட்டான். குழலுக்கும் அவ பேரு... அதுதான் ஊசிக் குழாய்க்கும்."

"அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சொல்றேன்."

அவள் வீட்டுக்கு வந்தாள். தையல் மெஷின் மறுபடி ஓடுகிறது. கேட்கும்போதெல்லாம், "இன்னும் இருக்கு" என்கிறாள். உண்மையிலேயே இருக்கிறதா என்று அந்த நர்ஸிடம் அவர் இன்றுவரை கேட்கவில்லை.