முனிர்காவில் ஓர் அறையை அழகுபடுத்தியது

என் மனைவியின் அண்ணன் எழுதிய கடிதம் மிகச் சுருக்கமாக இருந்தது. "தங்கச்சியை நானே தில்லிக்குக் கூட்டி வருகிறேன். வீடு திருப்தியாக இருந்தால் விட்டுவிட்டுப் போவேன். இல்லாவிட்டால் அடுத்த வண்டியில் திருப்பிக் கூட்டிப் போய்விடுவேன்." கல்யாணமாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. அதில் நாங்கள் ஒன்றாக இருந்தது பதினோரு நாள்.

வீடு என்று அவர் எழுதியது, முனிர்காவில் ஒரு எருமைக் கொட்டகைக்கு மேல் இருந்த மொட்டைமாடி அறையை. ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஸ்டவ் வைக்க ஒரு மூலை. இரண்டு வருஷமாக நான் அங்கே தனியாக இருந்தேன். மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், எதையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் செய்வது என்று ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஆபீஸ் லைப்ரரியில் பெண்களுக்கான ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வரும். சின்ன வீட்டை அழகுபடுத்துவது எப்படி என்று அதில் வந்த கட்டுரையை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். சுவருக்கு வெளிர் நிறம் அடித்தால் அறை பெரிதாகத் தெரியும். ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி மாட்டினால் வெளியிலுள்ள அழகு உள்ளே வரும்.

கண்ணாடி மாட்டினேன். என் ஜன்னலுக்கு வெளியே இருந்தது பக்கத்து வீட்டுச் சுவரும் அதில் அறைந்திருந்த வறட்டிகளும். இப்போது அவை இரண்டு பக்கமும் தெரிந்தன.

இதோடு நிறுத்தியிருக்கலாம். மூளை கெட்டுப்போய் ஆபீஸில் யோசனை கேட்டேன். பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரர் உற்சாகமாகிவிட்டார். "அரே பாய், பொண்டாட்டி வர்றா, ஷோகேஸ் இல்லாத வீடு ஒரு வீடா?" என்று இந்தியில் கேட்டார். கண்ணாடி அலமாரி வேண்டும், அதில் யாரும் எடுத்துக் குடிக்காத கப் சாஸர் வேண்டும், ரேடியோவுக்குப் பூ வேலை செய்த உறை வேண்டும், பிளாஸ்டிக் ரோஜா வேண்டும். என்னிடம் ரேடியோவே இல்லை என்றேன். "உறையை முதலில் வாங்கு" என்றார்.

பக்கத்து அறையில் ஆராய்ச்சி படிக்கும் வங்காளி இருந்தார். அவர் பிளாஸ்டிக் ரோஜா என்ற சொல்லைக் கேட்டே முகம் சுளித்தார். தரையில் ஒரு பாய், செங்கல் மேல் பலகை வைத்துப் புத்தகங்கள், மூலையில் ஒரு மண் குதிரை, அவ்வளவு போதும், வெறுமைதான் அழகு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அந்த அழகுதான். அது அழகு என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

ஆர்.கே.புரத்தில் இருந்த எங்கள் செக்‌ஷன் ஆபீஸரின் மனைவியோ, "ஸ்வாமிக்குக் கிழக்குச் சுவர்ல ஒரு ஷெல்ஃப் அடிச்சுடுப்பா, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். கிழக்குச் சுவரில்தான் கண்ணாடி இருந்தது.

கடைசியில் சுவரையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று சுண்ணாம்பு அடிப்பவர் ஒருவரைப் பிடித்தேன். இங்கே என் இந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளி நாளில் எங்கள் ஊர் ரயில் நிலையப் பலகையில் இருந்த இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர்களில் நானும் ஒருவன். நான் செய்த முதல் பெயிண்ட் வேலை அது. அதற்கான பலன் முனிர்காவில் கிடைத்தது. வெளிர் நிறத்துக்கு 'ஹல்கா' என்று சொல்ல வேண்டும். நான் 'ஹல்தி' என்று சொன்னேன். ஹல்தி என்றால் மஞ்சள்பொடி.

"ஹல்தி? பக்கா?" என்று அவர் சந்தேகமாகக் கேட்டார்.

"பக்கா, பையா. ஜ்யாதா ஹல்தி" என்றேன். ரொம்ப வெளிறியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தால் அறை முழுக்க மஞ்சள் குளித்து நின்றது. நான்கு சுவரும், விட்டமும். கேட்ட நிறத்தைத்தான் கொடுத்திருந்தார், அவரைத் திட்டவும் வழியில்லை. மறுநாள் காலையில் மச்சானும் என் மனைவியும் வந்துவிட்டார்கள்.

மச்சான் அறைக்குள் வந்து நின்றார். மஞ்சளைப் பார்த்தார். "தண்ணி எங்க பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். கீழே குழாயைக் காட்டினேன். ஸ்டவ்வைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். அது தானாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடி திறந்தது.

"உள்பக்கம் தாழ்ப்பாள் எங்க மாப்ள?"

"செங்கல்ல முட்டுக் குடுத்துக்குவேன், மச்சான்."

"செங்கல்லா? நீங்க ஆபீசுக்குப் போனதும் எந்தங்கச்சி பொழுதுக்கும் செங்கல்லப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மாள் மேலே வந்தார். எழுபது வயது ஜாட் கிழவி. ஊரே 'தாயி' என்றுதான் கூப்பிடும். அவர்கள் பேச்சில் அதற்குப் பெரியம்மா என்று அர்த்தம். மச்சான் கையாலேயே தாழ்ப்பாள் போட்டுக் காட்டினார்.

தாயிக்குப் புரிந்துவிட்டது. "அச்சா, குண்டி! குண்டி தோ பாஹர் ஹை!" என்றார்.

குண்டி என்றால் இந்தியில் கொண்டி, தாழ்ப்பாள். அது வெளிப்பக்கம்தான் இருக்கிறது என்று சொல்கிறார், பாவம். எனக்கு அது இரண்டு வருஷமாகத் தெரியும். ஒரு பெரிய மனுஷியிடம் போய் எனக்குக் குண்டி வேண்டும் என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில்தான் செங்கல்லோடு காலம் தள்ளினேன்.

மச்சானின் முகம் கறுத்தது. "என்ன பேச்சு மாப்ள இது? வயசுக்கேத்த மாதிரியா பேசுது?"

அவருக்குக் காது கேட்கவில்லை என்று தாயி நினைத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து, வேண்டுமா என்று கத்தினார். "குண்டி! குண்டி சாஹியே?"

"பொட்டிய எடு தங்கச்சி. இந்தச் சகவாசம் நமக்கு வேண்டாம்."

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். விளக்குவதென்றால் அந்தச் சொல்லை மச்சான் முன்னாலும் அவள் முன்னாலும் சொல்ல வேண்டும். எத்தனை பரீட்சை எழுதியவன்! செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பெட்டியை எடுக்கவில்லை. கிழவியின் கை போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், வெளியே போய்க் கதவில் தொங்கிய சங்கிலியைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, இதத்தான் சொல்லுது அந்தம்மா. இங்க இதுக்குப் பேரு அதுதான் போலருக்கு." பிறகு கதவின் உள்பக்கத்தைத் தட்டி, "தாயி, குண்டி! இங்க! ஜல்தி!" என்றாள். ஜல்தி, இரண்டு நாள் ரயிலில் அவள் பொறுக்கிய சொல்.

தாயி பல் தெரியச் சிரித்தார். கீழே போய்க் கொட்டகையில் கிடந்த பழைய தாழ்ப்பாள் ஒன்றையும் சுத்தியலையும் கொண்டு வந்து கொடுத்தார். யாரையும் தொட விடாமல் மச்சானே அதை அடித்தார். அடித்து முடித்ததும் எங்கள் இரண்டு பேரையும் மொட்டைமாடியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தாழிட்டார்.

"நல்லாத் தள்ளுங்க மாப்ள!"

தள்ளினேன். அசையவில்லை.

"ரெண்டு வருஷமா ஏங்க இத ஒரு வார்த்த கேக்கல?" என்றாள் அவள், மெதுவாக.

"அந்த வார்த்தையை எப்படிக் கேக்குறது?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து மச்சான் தாழ்ப்பாளை இழுத்து இழுத்து விடும் சத்தம் கேட்டது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வெளிர் நிறம், கண்ணாடி, நோட்டுப் புத்தகம், எதைப் பற்றியும் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

"தோளக் குடுத்துத் தள்ளுங்க, சாப்பிடலையா?" என்று கத்தினார். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு நின்றது.

பிறகு சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்கு வண்டிக்கு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட் எடுங்க மாப்ள."