கறிக்கோழியின் மூச்சு

கறிக்கோழி வளர்ப்பு என்பது, இருதயத்தைவிட உடம்பு வேகமாக வளரும்படி உண்டாக்கப்பட்ட ஒரு பிராணியை, அது தானாகச் சாவதற்குள் லாரியில் ஏற்றிவிடும் தொழில். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகை, கரண்டு, உடம்பு ஆகியவை நம்முடையவை. இதில் மாட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இராது. பண்பொழிப் பக்கம் மலையடிவாரத்தில் என் கொட்டகை இருந்தது. நானும் என் மனைவி பேச்சியம்மாளும்தான் அதற்கு வேலையாட்கள். கோழிக்கு மூச்சு எப்படி ஓடுகிறது என்று நான் கற்றுக்கொண்டதும் அங்கேதான், அவளுடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததும் அங்கேதான்.

சாரல்

குற்றாலத்தில் சீசன் பிறந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், எங்களுக்குக் கண்டம். கொட்டகையின் இரண்டு பக்கமும் வெறும் கம்பிவலை. சாரலுக்குப் பயந்து படுதாவை மூடினால் குஞ்சுக்குக் காற்று போதாது, திறந்தால் விறைத்துவிடும். எங்கள் முதல் ஆனி மாதத்தில் படுதாவை இறுக்கிக் கட்டி, உள்ளே சட்டிகளில் கரியைப் போட்டுத் தணல் மூட்டினோம். கரியும் காற்றைத் தின்றுதான் எரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விடிந்து பார்த்தபோது குஞ்சுகள் அலகைத் திறந்தபடி கும்பலாகக் கிடந்தன. தொட்டால் நல்ல கதகதப்பு.

அடுத்த கொட்டகைக்காரர் சுப்பையா படுதாவைத் திறந்து வைத்திருந்தார். அவருடைய குஞ்சுகள் விறைத்துச் செத்திருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் அவர் குழி தோண்ட, இந்தப் பக்கம் நான் தோண்டினேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என் குழியை எட்டிப் பார்த்தவர் சொன்னார்: "நீரு குளிருக்குப் பயந்து மூடுனீரு, நான் மூச்சுக்குப் பயந்து திறந்தேன். ரெண்டு பேரு குழியும் ஒரே ஆழந்தான் வே."

தண்ணீர் வயிறு

நன்றாகத் தின்று கொழுத்த கோழி, வயிறு உப்பி, கொண்டை நீலம் பாய்ந்து ஒரு நாள் சாயும். கம்பெனி சூப்பர்வைசர் சிவகிரிக்காரர், மரியாதையான ஆள். செத்ததை எங்கள் முன்னால் வைத்து அறுத்துக் காட்டினார். வயிற்றிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது. பெருத்த உடம்பு நிறையக் காற்றைக் கேட்கிறது, நுரையீரலோ சின்னது. அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. முன்னால் போக முடியாத ரத்தம் பின்னால் தேங்க, அதிலிருந்து கசியும் நீர்தான் வயிற்றில் சேர்கிறது. பேச்சியம்மாள் குனிந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இருதயத்தையும் கொஞ்சம் பெரிதாக வைத்து ஒரு கோழியை உண்டாக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இருதயத்த எவன் அண்ணாச்சி எடைக்கு வாங்குதான்?"

படம் பிடித்தவர்கள்

அருவியில் குளித்துவிட்டுத் திருமலைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு குடும்பம் எங்கள் கொட்டகை முன்னால் காரை நிறுத்தியது. அந்த அம்மாளுக்கு மஞ்சள் குஞ்சோடு படம் எடுத்துக்கொள்ள ஆசை. இரண்டு கையாலும் அள்ளிக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டார். "இறுக்காதீங்கம்மா" என்று பேச்சியம்மாள் இரண்டு முறை சொன்னாள். நமக்கு இருப்பதுபோல் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுத்துவிடும் சவ்வு கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். அதைப் பிடித்துவிட்டால் மூக்கு திறந்திருந்தும் பயனில்லை. கணவர் கோணம் மாற்றி மாற்றிப் படம் எடுத்தார். குஞ்சின் தலை தொங்கியதும் அந்த அம்மாள் அதை என் கையில் மெதுவாக வைத்தார். "ரொம்ப சமத்து. தூங்கிடுச்சு பாருங்க."

நாற்றம்

ஈரக்காற்றில் கீழே பரப்பிய உமி நமுத்து, எச்சத்தோடு சேர்ந்து புளிக்கும்போது எழும் நெடி கண்ணைக் கரிக்கும். தினமும் கிளறிவிட வேண்டும். நான் தீவன மூட்டை சுமக்க, கிளறும் வேலை பேச்சியம்மாளுக்கு என்று ஆகிப்போனது. சில வருடங்களில் இருமல் வந்தது. பிறகு, கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் நடுவே தூணைப் பிடித்து நிற்க ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், "இந்த பேட்ச் போகட்டும்" என்பாள். நம் தொழிலில் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் எல்லாமே பேட்ச் போகட்டும் என்றுதானே காத்திருக்கின்றன. ஒரு பேட்ச் கோழி லாரியேறிப் போனால் அடுத்த பேட்ச் குஞ்சு வந்து இறங்கும்.

நெடி அதிகமாக இருக்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று சூப்பர்வைசரிடம் முறையிட்டேன். உள்ளே போய் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பேச்சியம்மாள் வாசலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார்: "கோழிக்கு இது ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. அதுக்கு ஏதும் ஆவுததுக்குள்ள லாரி வந்துருதுல்லா."

டாக்டர் வரைந்த படம்

ஒருவழியாகத் தென்காசியில் டாக்டரிடம் போனபோது அவளுக்குக் கால் வீங்கி, வயிறும் கனத்திருந்தது. உதட்டில் நீலம். டாக்டர் பொறுமைசாலி. ஒரு தாளில் நுரையீரலையும் இருதயத்தையும் வரைந்தார். நுரையீரல் கெட்டுப்போனதால் அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இருதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிட்டது, அதனால்தான் நீர் தேங்குகிறது என்று விளக்கினார். எனக்குத் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இனிமேல் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். பேச்சியம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு திரும்புகிறவரை காத்திருந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவரு பாவம், வரைஞ்சு காட்டுதாரு. நம்ம சூப்பர்வைசரு அறுத்தே காட்டிட்டாரே."

லோடு

அதன் பிறகு அவள், கொட்டகைக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த எங்கள் வீட்டில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தாள். நான் மட்டும் கொட்டகைக்குப் போய் வந்தேன். உள்ளே பேட்ச் இருந்தது. கோழி ஏற்ற லாரி வர வேண்டிய அன்று விடியற்காலையில் அவள் மூச்சு நின்றது. காபி வைக்க அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் லாரி வந்துவிட்டது. கேரளாவுக்குப் போகிற லோடு. கோழி பிடிக்கும் ஆட்கள் இறங்கி, வீட்டு வாசலில் கிடந்த அக்கம்பக்கத்தாரின் செருப்புகளையும் உள்ளே எரிந்த விளக்கையும் பார்த்துத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். இளவெயில் தென்னை உச்சியில் விழ ஆரம்பித்தது. லாரியோடு வந்திருந்த சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். "தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. வெயில் ஏறிட்டுன்னா கோழி மூச்சு வாங்கிச் செத்துப்போவும். லோட ஏத்திட்டு, நம்ம ஆளுகளே வந்து மதினியத் தூக்கட்டும்."

அவர் சொன்னபடியே வெயில் ஏறுமுன் இரண்டு வேலைகளும் முடிந்தன. போய்ச் சேரும்வரை அந்த லாரியில் ஒரு கோழிகூடச் சாகவில்லை என்பதுதான் கம்பெனியில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பெயர்.