ஆவணியில் காய்ச்சிய பால்

சேலம் அஸ்தம்பட்டியில் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரைக்காரர்கள் எல்லோருக்கும் நர்மதாவைத் தெரியும். பேர்தான் ஒருவருக்கும் தெரியாது. லேபுக்குப் போன் செய்து, "அந்த நேப்பாளத்துப் பொண்ண அனுப்புங்க" என்பார்கள். வலிக்காமல் ரத்தம் எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் அந்தக் கைக்குச் சொந்தக்காரியின் பேரைக் கேட்க வேண்டும் என்று ஆறு வருஷத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையும் அவளுக்கு வாய்த்த சனியன், எப்போது பார்த்தாலும் திரும்பியே கிடக்கும்.

நர்மதா பிறந்தது சேலத்தில், படித்தது கோரிமேட்டில். நேபாளத்தை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்த ஊர் அவளுக்குக் கொடுத்தது முகம் ஒன்றைத்தான். சின்னக் கண், தட்டை மூக்கு, இரண்டும் அப்பா தன் பகதூரின் சொத்து. இருபத்தெட்டு வருஷம் அஸ்தம்பட்டித் தெருக்களில் விசில் ஊதிக் காவல் காத்த கூர்க்கா அவர். மூன்று வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தார்.

பஸ்ஸில் கண்டக்டர், "கிதர் ஜானா?" என்று இந்தியில் ஊர் கேட்பார். "கோரிமேடு ஒண்ணு குடுங்கண்ணா" என்பாள். "அட, தமிழ் நல்லாப் பேசறியே!" என்று பாராட்டு விழும். இட்லி சாப்பிடுகிறவரைப் பார்த்து, இட்லி நல்லாச் சாப்பிடறீங்களே என்று யாராவது பாராட்டுவார்களா? கொரோனா வருஷத்தில் ஒரு வீட்டில் கேட்டைக்கூடத் திறக்காமல், "சைனாக்காரி வேண்டாம், வேற ஆள அனுப்பச் சொல்லு" என்றார்கள். அந்த வீட்டுக்கும் அடுத்த வருஷம் போய் ரத்தம் எடுத்தாள்.

கோபம் வராதா என்றால், வரும். வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் நரம்பு தப்பிவிடும், அப்புறம் பாவம், இன்னொருவருக்கு இன்னொரு குத்து. அதனால் கோபத்தை ஸ்கூட்டி டிக்கியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் அவள் படியேறுவாள். சில நாள் டிக்கி கொள்ளாது. அன்றைக்கும் பூட்டித்தான் ஆக வேண்டும்.

வெங்கடாசலத்தின் வீட்டுக்கு மட்டும் அவள் டிக்கியைத் திறக்காமலே போவாள். லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தி ஓய்ந்த மனிதர். இதயத்தில் வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை விழுங்குகிறார். மாத்திரை அளவு சரியா என்று மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். அவர் நரம்பு தொட்டால் நழுவும் ஜாதி, நர்மதாவின் விரலுக்கு மட்டும் அடங்கும். "உங்கையி பட்டா எறும்பு கடிச்சாப்புலகூட இல்ல சாமி" என்பார். மனைவி நல்லம்மாள் "கண்ணு" என்பாள். அவர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தாலும், நர்மதாவுக்கு அது அன்றைய பொழுதுக்குப் போதும்.

அந்த வீட்டின் மாடிமேல் அவளுக்கு ஏழு வயதிலிருந்தே ஆசை. முதல் தேதிகளில் காவல் காசு வாங்கப் போகும் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பாள். மாடியில் ஏற்காட்டு மலையைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல். "அங்கிருந்து மலை தெரியும்" என்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்வார். அம்மா பத்தொன்பது வயதில் தன் மலையை விட்டு இறங்கி வந்தவள். இப்போது ஜன்னலே இல்லாத ஒற்றை அறையில், முழங்கால் வலியோடு, எதிர்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். படுத்தபடியே அம்மா ஒரு மலையைப் பார்க்க வேண்டும். நர்மதாவுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது.

ஆனி மாதக் கடைசியில் அந்த மாடியில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. அதிலிருந்த நம்பர் பெங்களூரில் இருக்கும் மகன் ஜெயபிரகாஷுடையது. நர்மதா கூப்பிட்டாள். பேர் கேட்டான், சொன்னாள். மருத்துவ வேலை, அம்மாவும் தானும் மட்டும் என்றாள். வீட்டைப் பார்க்க வேண்டாமா என்றான். "வெளிய இருந்து பாத்திருக்கறனுங்க, அது போதுங்க" என்றாள். அவனுக்குப் பரம திருப்தி. ஆடியில் குடி போகக் கூடாது, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான்.

முகத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யா என்று இரண்டு ராத்திரி யோசித்தாள். இதற்கு முன் நான்கு வீடுகள் போனில் கிடைத்து, கேட்டில் கைவிட்டுப் போயிருக்கின்றன. ஆனால் இவர்கள் அப்படியில்லை, ஆறு வருஷமாகத் தன்னிடம் கை நீட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆடி மாத ரத்தத்துக்குப் போகும்போது தானே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவதாக முடிவு செய்தாள். அம்மா பால் காய்ச்சும் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. நர்மதா ஊசியை ஏற்றி, நீல மூடிக் குழாயைப் பொருத்தியிருந்தாள். அந்தக் குழாயில் ரத்தம் கோடு வரை நிறைய வேண்டும், குறைந்தால் மறுபடி குத்த வேண்டும். சமையலறை வாசலில் நின்று நல்லம்மாள் ஆரம்பித்தாள்.

"மாடிக்கு ஆளு கெடச்சிருச்சு கண்ணு. பையனே பேசி முடிச்சுட்டான். நர்மதாவாம் பேரு. போன்ல என்ன மரியாதையாப் பேசுச்சாம் தெரியுமா? நம்ம சனம்னு பேச்சுலயே தெரியுதுன்னான்."

குழாயில் கோட்டுக்கு இன்னும் கால் பங்கு பாக்கி.

"வடக்கத்திக்காரங்க ரெண்டு பேரு வந்து கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். உன்னையச் சொல்லல கண்ணு, நீ நல்ல புள்ள. ஆனா ஊட்டுக்குள்ள வெச்சுக்க முடியுமா, நீயே சொல்லு? என்னத்த ஆக்குவாங்களோ, எப்ப மூட்டை கட்டுவாங்களோ."

பிறகு மறுபடி நர்மதா புராணம். வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையோடு கோயிலுக்குப் போகலாம். வாசலில் கோலத்தை அதுவே போட்டுவிடும். பால் காய்ச்சும் அன்றைக்குத் தானே கூட நிற்கப் போவதாகச் சொன்னாள். பார்த்தே இராத அந்த நர்மதாவை நல்லம்மாளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது! நர்மதாவுக்கு அந்த இன்னொரு நர்மதாமேல் பொறாமையாக வந்தது. அந்தப் பெண்ணாகவே இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

ரத்தம் கோட்டைத் தொட்டது. குழாயைக் கழற்றினாள். அதை மெதுவாக நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தினாள். உறையாத ரத்தம், ஐந்து நிமிடம் பிடித்தே ஆக வேண்டும்.

"அம்மா, அந்த நர்மதா நான்தாங்க."

நல்லம்மாள் முதலில் சிரித்தாள். நர்மதா இன்னொரு கையால் அட்டையைத் திருப்பிக் காட்டினாள். படிக்க நல்லம்மாளுக்குக் கண்ணாடி வேண்டும். அதை எடுக்க அவள் போகவில்லை.

"எங்கப்பா பேரு தன் பகதூருங்க. இந்தத் தெருவுல விசில் ஊதிட்டு நடப்பாரு."

"நம்ம கூர்க்காவா?" வெங்கடாசலம் நிமிர்ந்தார். "அவரு மகளா நீயி? தங்கமான மனுசனாச்சே சாமி! அவரு முழிச்சிருந்தாரு, நாங்க தூங்குனோம்."

ஒரு நிமிடம், முழுசாக ஒரு நிமிடம், நர்மதா நம்பினாள்.

"பையனக் கேட்டுட்டுச் சொல்றோம் கண்ணு" என்றாள் நல்லம்மாள்.

"அவருதாங்கம்மா சரின்னாரு."

"அவனுக்குத் தெரியாதில்ல."

என்ன தெரியாது என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. வெங்கடாசலம் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். சுவர்க் கடிகாரத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. அந்த மூன்று நிமிடமும் நர்மதா அந்தக் கையை விடவில்லை. விட்டிருந்தால் முழங்கைவரை கன்றிப் போயிருக்கும்.

மறுநாள் ஜெயபிரகாஷ் கூப்பிட்டான். மாடியைச் சொந்தக்காரர்கள் யாரோ கேட்டுவிட்டார்களாம். "பரவாயில்லைங்க" என்றாள். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, தேய்த்த பாத்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்றைக்குத்தான் நர்மதா அழுதாள், குழாயடியில், பக்கெட் நிறையும் சத்தத்தில்.

ஆவணியில் வெங்கடாசலத்தின் முறை வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வருஷம் அவள் லீவில் இருந்தபோது வந்தவன் மூன்று இடத்தில் குத்தி, அவர் கை பத்து நாள் கறுத்துக் கிடந்தது. அவளே போனாள். கேட்டில் மாவிலைத் தோரணம் புதிதாக இருந்தது.

"உங்க பேரு சொல்லுங்கய்யா." ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டிய கேள்வி அது.

"வெங்கடாசலம்" என்றார். கையை நீட்டினார். ஊசி ஏறி இறங்கியபின், அவள் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கையில், தரையைப் பார்த்துச் சொன்னார்: "வலிக்கல, நர்மதா."

ஆறு வருஷமாகக் கேட்க ஏங்கிய பேர். இன்றைக்கு அதை வாங்கி எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நல்லம்மாள் உள்ளிருந்து எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். "விடியக்காலைலதான் மாடியில பால் காய்ச்சுனாங்க. வேண்டாங்கக் கூடாது, குடி கண்ணு."

வலது கை பஞ்சின்மேல் இருந்தது. இடது கையால் வாங்கினாள். இனிப்பாகத்தான் இருந்தது.

"சக்கரை போதுமா?"

"போதுங்கம்மா." பாதி குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த ஜன்னல்ல இருந்து மலை தெரியுமாங்கம்மா?"

"எந்த ஜன்னலு? மேலயா? தெரியும் தெரியும். யாரு பாக்கறா? அவங்க அந்தப் பக்கம் பீரோவப் போட்டு மறைச்சிட்டாங்க."

நர்மதா மிச்சப் பாலையும் குடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.