உல்யானாவின் கால்களுக்கு உயிர் வந்த நாள்

உல்யானாவின் கால்களைப் பார்த்துக் குறை சொன்னவர்கள் யாருமில்லை. நீளம், வளைவு எல்லாம் கச்சிதம். குதிக்கச் சொன்னால்தான் வம்பு. பதினைந்து வயதில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டாள். அந்த உடம்பைத் தூக்குகிற பலம் கூடவே வளரவில்லை. ரஷ்யாவின் பெர்ம் நகரத்து பாலே நடனப் பள்ளியில் இதற்கெல்லாம் பாவம் பார்க்க மாட்டார்கள். வசந்தகாலப் பரீட்சையில் குதிப்பு தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு குங்கூருக்கு, அம்மாவிடம் போக வேண்டியதுதான்.

"உன் காலைப் படம் புடிச்சு மாட்டலாம். ஆட வைக்க முடியாது," என்று ஆசிரியை நினெல் பாவ்லவ்னா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதுகூட நுனிக்காலில் எழும்பி எழும்பி இறங்கினாள். தேநீர் கொதிக்கும்வரை ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வகுப்புக்கு முன்னால் ஒரு பாதத்தை நாற்காலியில் ஏற்றி, கால்களை அகட்டித் தரையோடு தரையாக உட்காருவது அங்குள்ள பெண்களின் வழக்கம். மற்றவர்கள் கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார்கள். இவள் அரை மணி நேரம் அசைய மாட்டாள். கால் இளகினால்தான் குதிப்பு வரும் என்று நம்பினாள். உட்கார உட்காரக் குதிப்பு தணிந்தது. தணியத் தணிய இன்னும் உட்கார்ந்தாள். பைத்தியக்காரப் பெண்!

பரீட்சைக்கு முந்தின நாள் அவள் முகம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்த தோழி தீனா, காமா ஆற்றுக்கு அக்கரையில் இருந்த தன் வீட்டுக்கு இழுத்துப் போய் இறைச்சிக் கொழுக்கட்டையாகத் தின்ன வைத்தாள். மறுநாள் காலையில் இருவரும் திரும்பி வந்த பேருந்து பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ லாரி குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது.

"இறங்குடி, ஓடலாம்," என்றாள் தீனா.

"ஓடினா கால் போயிடும்டி!"

"நின்னா பள்ளிக்கூடமே போயிடும். வா!"

ஈரக்காற்று முகத்தில் அறைய, பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடுகிற தரை வழுக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்து முடித்தாகிவிட்டது. நாற்காலியில் காலை ஏற்ற ஏது நேரம்?

"எங்கடி ஊர் சுத்திட்டு வரீங்க? மூஞ்சியத் துடைங்க!" என்று சீறினார் ஆசிரியை.

உல்யானா முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். சுவரோரக் கம்பியைப் பிடித்துச் செய்வதையெல்லாம் எப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிறகு பியானோ வேகம் எடுத்தது. குதிப்பு.

தரையை உதைத்தாள். கால் பதில் சொன்னது. மேலே போனவள் அங்கேயே ஒரு கணம் நின்றுவிட்டு இறங்கினாள். பயந்துபோய் மறுபடி உதைத்தாள்; மறுபடியும் அதே உயரம். மாதக்கணக்கில் சேர்த்த பலமெல்லாம் காலிலேயேதான் இருந்திருக்கிறது. தினமும் காலையில் இழுத்து இழுத்து அதை இவளே தூங்க வைத்திருக்கிறாள்! ஆடும்போதே சிரிப்பு வந்தது. அப்பாடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போட்டார்கள்.

"இத்தனை நாளா இதை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே?" என்றார் நினெல் பாவ்லவ்னா.

"பாலத்துல கிடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தோம்," என்றாள் தீனா. ஆசிரியை சிரித்தே விட்டார்.

உல்யானா அம்மாவுக்கு ஃபோன் போட்டாள். "அம்மா, தேறிட்டேன். இங்கயே இருக்கேன்."



"அப்ப சரி," என்றாள் அம்மா. "தக்காளி நாத்தையெல்லாம் உன் ரூம் ஜன்னலுக்கே கொண்டுபோய் வெச்சிடறேன். நீ வந்துடுவியோன்னு போன வாரமே அதுங்களை அங்கேருந்து எடுத்து ரூமைக் காலி பண்ணிட்டேன். அதுங்க அடுப்பங்கரையில வெயிலே இல்லாம வாடிப்போயி..."

மேலே பேச வராமல் விசும்பினாள். உல்யானா ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு, அம்மா அழுது முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.